சீரோட்டமும் சுழலோட்டமும்

தரங்கம் என்னும் சொல்லுக்கு அலை என்பது பொருள். பாடி என்பது ஊர். அலையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட தரங்கம்பாடியில், 1620ஆம் ஆண்டில் டேனியர் எழுப்பத் தொடங்கிய கோட்டைக்கு எதிரே நின்று கடலை நோக்கியவர்கள், இன்று நான் சொல்லப்போகும் செய்தியில் ஒரு பாதியைத் தம் கண்களாலேயே கண்டிருப்பார்கள். தொலைவில் வரும் அலை வழவழப்பாக வளைந்து எழுகின்றது. கரையை நெருங்கியதும் அதன் முடி முன்னோக்கிச் சரிகின்றது. உடனே எங்கும் வெண்ணுரை. சரிவதற்கு முன் கண்ணாடிபோல் விளங்கிய நீர், சரிந்த பின் மணலும் சேறும் கலந்து கலங்கிவிடுகின்றது. நீர் அதே நீர்தான். அது இயங்கும் முறையே மாறிவிட்டது.

மற்றொரு பாதியைக் காணக் கடற்கரையை விட்டு மேற்கே பொறையாற்றுப் பக்கம் வயல்வெளிக்குச் செல்லவேண்டும். ஆற்றில் புதுநீர் வந்திருக்கும் நாளில் நான் ஒரு மடைவாயில் நின்று பார்த்திருக்கின்றேன். வாய்க்காலில் ஓடும் நீர் செம்மண் நிறமாகச் சுழித்து ஓடியது. அதே நீர் மடை வழியாக வயலில் பாய்ந்து, பரந்து, மெல்ல நகர்ந்து வரப்பின் ஓரத்தை அடைந்தபோது பெரிதும் தெளிந்திருந்தது. கீழே காலால் தொட்டால் மெழுகுபோன்ற மெல்லிய வண்டல் தட்டுப்பட்டது. வாய்க்காலில் கலங்கியிருந்த நீர் வயலில் தெளிவானேன்? நெடுந்தொலைவு கலங்கலாகவே வந்த ஆறு, தன் சுமையை அங்கே மட்டும் இறக்கிவைத்தது ஏன்?

மாணவ நண்பர்களே, இவ்வினாவுக்கு விடை கூறுவது பௌதிகத்தின் ஒரு பகுதி. பாய்பொருள்கள் இருவகையாக ஓடும் என்பதே அதன் அடிப்படை. பள்ளி நூல்கள் இவற்றை வரிச்சீர் ஓட்டம் என்றும் சுழற்சி ஓட்டம் என்றும் குறிக்கின்றன. சொல்வதற்கு எளிதாக இருக்கும்பொருட்டு நான் அவற்றைச் சீரோட்டம், சுழலோட்டம் என்று அழைக்கின்றேன்.

இரண்டையும் காண ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. காற்று அசையாத அறையில் ஓர் ஊதுபத்தியை ஏற்றி வையுங்கள். புகை முதலில் நூல் பிடித்தாற்போல் நேராக மேலே எழும். ஒரு சாண் அளவு எழுந்ததும் அந்நூல் நெளியும். பிறகு பிரிந்து, சுருண்டு, இன்ன வடிவம் என்று சொல்ல முடியாதபடி பரந்துவிடும். நேராக எழுந்த பகுதி சீரோட்டம். சுருண்டு பரந்த பகுதி சுழலோட்டம். விளக்கெண்ணெயைக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். அது பட்டு நாடாபோல் மடிந்து விழும், சிதறுவதில்லை. குழாயைச் சிறிதே திறந்தால் நீர் அசைவே இல்லாதது போன்ற தெளிந்த இழையாக இறங்கும். முழுதும் திறந்தால் அந்த இழை குலைந்து முறுக்கேறி இரைச்சலுடன் கொட்டும்.

சீரோட்டத்தில் பாய்பொருள் அடுக்கு அடுக்காக நகர்கின்றது. புத்தகத்தின் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்வதுபோல ஒவ்வோர் அடுக்கும் தன் வழியே செல்லும். அடுத்த அடுக்குடன் உரசுமேயன்றி அதனுடன் கலப்பதில்லை. சுழலோட்டத்தில் இவ்வொழுங்கு இல்லை. மொத்த நீரும் ஒரு திசையில் சென்றாலும், அதனுள் ஒவ்வொரு துளியும் மேலும் கீழும் பக்கவாட்டிலும் அலைந்துகொண்டே செல்கின்றது. ஓரிடத்தில் கருவியை வைத்து வேகத்தை அளந்தால் அது நொடிக்கு நொடி மாறும். அதே மாற்றம் அதே வரிசையில் மறுமுறை நிகழ்வதில்லை.

இவ்விரண்டுக்கும் இடையே உள்ள எல்லையைத் தெளிவாகக் காட்டியவர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்னும் பொறியியல் பேராசிரியர். இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் அவர் நடத்திய சோதனையின் முடிவுகள் 1883ஆம் ஆண்டில் வெளிவந்தன. கண்ணாடிப் பக்கங்கள் உடைய ஒரு நீர்த்தொட்டி. அதனுள் கிடையாக வைக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாய். குழாயின் வாயில் நீருடன் சேர்ந்து செல்லுமாறு மெல்லிய சாயக்கோடு ஒன்று. கருவி இவ்வளவே. நீர் மெல்ல ஓடியபோது சாயம் குழாயின் முழு நீளத்துக்கும் ஒரே நேர்க்கோடாக நின்றது. வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். ஒரு நிலையில் கோடு நடுங்கியது. பின் குலைந்து, குழாய் முழுவதையும் சாயநிறமாக்கிவிட்டது. கண்ணுக்கு வெறும் கலங்கலாகத் தோன்றிய அதனை மின்பொறியின் கணநேர ஒளியில் நோக்கியபோது, சுருள் சுருளான தனித்தனிச் சுழல்கள் இருக்கக் கண்டார்.

ரெனால்ட்ஸின் பெருமை இதைக் கண்டதோடு நிற்கவில்லை. எப்போது குலையும் என்பதற்கு ஓர் அளவுகோலையும் அவர் தந்தார். ஓடும் நீரினுள் இரு போக்குகள் எதிரெதிர் நிற்கின்றன. ஒன்று நிலைமம்: போகும் திசையிலேயே போக முனையும் இயல்பு. ஒரு சிறு நெளிவு தோன்றிவிட்டால் அதனைப் பெரிதாக்க முனைவது இது. மற்றொன்று பாகுத்தன்மை: அடுக்குக்கு அடுக்கு உள்ள உராய்வு. தோன்றும் நெளிவை அடக்கித் தணிக்க முனைவது இது. வேகத்தைக் குழாயின் விட்டத்தால் பெருக்கி, அதனைப் பாய்பொருளின் பாகுத்தன்மைக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதத்தால் வகுத்தால் கிடைப்பது ஓர் எண். அதற்கு மீட்டர், கிலோகிராம் என்ற அலகு எதுவும் இல்லை. அதனையே இன்று ரெனால்ட்ஸ் எண் என்கிறோம். குழாயில் அது ஏறத்தாழ 2,000க்குக் கீழே இருந்தால் பாகுத்தன்மை வெல்லும். ஓட்டம் சீராக இருக்கும். அதற்கு மேலே சென்றால் நிலைமத்தின் கை ஓங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டுக் குழாயின் உள்விட்டம் ஒன்றரை சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். நம் ஊர் வெப்பநிலையில் நீர் அதனுள் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் சென்றால் ரெனால்ட்ஸ் எண் 18,000க்கும் மேல். அது சுழலோட்டம். சீராக ஓடவேண்டுமாயின் வேகம் நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் அளவுக்குக் குறையவேண்டும். அதே குழாயில் அதே ஒரு மீட்டர் வேகத்தில் விளக்கெண்ணெயைச் செலுத்தினால் எண் முப்பது அளவிலேயே நிற்கும். எண்ணெய் நீரைவிடப் பல நூறு மடங்கு பாகுத்தன்மை உடையது அன்றோ?

எல்லையைத் தாண்டிய அந்த நொடியிலேயே ஓட்டம் குலைந்துவிடும் என்று எண்ணவேண்டா. நீரை நீண்டநேரம் அசையாமல் வைத்து, குழாயின் வாயை வழவழப்பாக அமைத்து, மிகுந்த எச்சரிக்கையுடன் சோதனை செய்த ரெனால்ட்ஸ், 12,000க்கும் மேலே கூடச் சீரோட்டத்தைக் காக்க முடிந்தது. அவருடைய கருவி மான்செஸ்டரில் இன்றும் உள்ளது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து அதே கருவியில் சோதனையை மீண்டும் செய்தவர்களுக்கு அவ்வளவு உயர்ந்த எண் கிட்டவில்லை. தெருவில் ஓடும் மோட்டார் வண்டிகளின் அதிர்ச்சியே அதற்குக் காரணம் என்கின்றனர். ரெனால்ட்ஸின் காலத்தில் அத்தெருவில் ஓடியவை குதிரை வண்டிகள்! நெளிவை உண்டாக்கச் சிறு தொல்லையேனும் வேண்டும். தொல்லை இல்லாத இடத்தில் சீரோட்டம் தன் காலத்தைச் சற்று நீட்டித்துக்கொள்கின்றது என்பதே இதன் பொருள். குழாயில் சுழலோட்டம் நிலைத்து நிற்கத் தொடங்கும் எண் ஏறத்தாழ 2,040 என்று 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி நிறுவியது. ரெனால்ட்ஸ் தொடங்கிய அளவை முடித்துவைக்க 128 ஆண்டுகள் ஆயின.

இனி நம் வாய்க்காலுக்கு வருவோம். ஒரு மீட்டர் ஆழமுள்ள வாய்க்காலில் நீர் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுவதாகக் கொள்ளுங்கள். குழாயின் விட்டத்துக்குப் பதிலாக ஆழத்தை வைத்துக் கணக்கிட்டால் ரெனால்ட்ஸ் எண் ஆறு லட்சத்துக்கு மேல் வருகின்றது. இவ்வாறு கணக்கிடும்போது திறந்த வாய்க்காலில் சீரோட்டத்தின் எல்லை ஏறத்தாழ 500. ஆகவே, ஆறு, வாய்க்கால், ஓடை என நாம் காணும் நீரோட்டங்கள் ஏறக்குறைய யாவும் சுழலோட்டங்களே. ஆடி மாதத்து ஆற்றின் மேற்பரப்பு எவ்வளவு அமைதியாகத் தோன்றினாலும் அதன் வயிற்றில் சுழல்கள் ஓயாமல் புரண்டுகொண்டிருக்கின்றன.

வயலில் நிலைமை வேறு. அங்கே நீரின் ஆழம் ஐந்து சென்டிமீட்டர்; நகரும் வேகம் நொடிக்கு அரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் எண் ஏறத்தாழ 300. எல்லைக்குக் கீழே வந்துவிட்டது. வாய்க்காலிலிருந்து வயலுக்கு மடை திறந்த சில அடிகளுக்குள் நீர் ஒருவகை ஓட்டத்திலிருந்து மற்றொருவகை ஓட்டத்துக்கு மாறிவிடுகின்றது. நம் வினாவுக்குரிய விடையின் வாயிலும் இங்கேதான் திறக்கின்றது.

வண்டல் என்பது என்ன? நீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் அடர்த்தியுள்ள மண்துகள்களின் கூட்டம். நீரில் விடப்பட்டால் அவை கீழே இறங்கவேண்டும், இறங்கத்தான் செய்கின்றன. அவை இறங்கும் வேகத்தைக் கணக்கிடும் விதியை ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர் 1851ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு விட்டமுள்ள வண்டல் துகள், அசையாத நீரில் நொடிக்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். ஒரு மீட்டர் ஆழத்தைக் கடக்க அதற்கு ஏறத்தாழ நாற்பது நிமிடம் போதும். இப்போது கற்பனையாக ஒன்று செய்வோம். நம் வாய்க்காலில் சுழல்களையெல்லாம் நீக்கிவிட்டு, நீர் அதே வேகத்தில் சீராக மட்டும் ஓடுவதாகக் கொள்வோம். நாற்பது நிமிடத்தில் அந்நீர் சென்றிருக்கும் தொலைவு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். அதற்குள் அத்துகள்கள் அத்தனையும் அடியில் படிந்திருக்கும்!

ஆனால் உண்மையில் நிகழ்வது என்ன? கல்லணையிலிருந்து கடற்கரை நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில் உள்ளது. அந்த வேகத்தில் வரும் நீருக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும். ஒரு கிலோமீட்டரில் விழுந்துவிடவேண்டிய துகள் நூறு கிலோமீட்டரைக் கடந்து கடைமடை வரை வந்து சேர்கின்றது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவை சுழல்கள்.

இவ்விடத்தில் கூர்ந்து கேட்கும் மாணவர் ஒருவர் தடை எழுப்பலாம். சுழல் நீரை மேலே தூக்குவதுபோலவே கீழேயும் தள்ளுகின்றதே. மேலே சென்ற அளவு நீர் கீழே வந்தாகவேண்டுமே. அப்படியானால் துகள் மட்டும் மேலே நிற்பது எப்படி? நல்ல வினா. ஒரு கிராமத்திலிருந்து சந்தைக்குப் பத்து வண்டிகள் செல்கின்றன; பத்து வண்டிகளும் மாலையில் திரும்புகின்றன. போகும்போது நெல்மூட்டைகளை நிரப்பிக்கொண்டு செல்கின்றன. வரும்போது பாதிச் சுமையுடன் வருகின்றன. வண்டிக்கணக்கு இருபுறமும் சமம். ஆயினும் நெல் சந்தைக்குச் சென்றுவிட்டது. ஆற்றிலும் அவ்வாறே. அடியில் உள்ள நீரில் வண்டல் மிகுதி. மேலே உள்ள நீரில் குறைவு. கீழிருந்து மேலெழும் நீர் நிறைந்த சுமையுடன் செல்கின்றது; மேலிருந்து இறங்கும் நீர் குறைந்த சுமையுடன் வருகின்றது. வண்டல் தன் எடையால் கீழே விழுவதும், சுழல் அதனை மேலே அனுப்புவதும் ஒன்றையொன்று ஈடுசெய்யும்போது ஆறு தன் சுமையை ஏந்தியவாறே ஓடுகின்றது. மடை கடந்து வயலில் நீர் பரந்ததும் சுழல்கள் அடங்குகின்றன. தூக்கும் கை ஓய்கின்றது. எடை மட்டும் எஞ்சி நிற்கின்றது. அந்த நீரில் துகள் இறங்கவேண்டிய ஆழமும் ஐந்து சென்டிமீட்டர்தான். இரண்டு நிமிடத்துக்குள் அது தரையைத் தொட்டுவிடும். வயல் தெளிவதும் வரப்போரம் மெழுகுபோல் வண்டல் படிவதும் இதனால்தான்.

இந்த உண்மையை நம் நாட்டு வாய்க்கால்களிலேயே கண்டு, அதற்குக் கணக்கும் தந்தவர் ஒருவர் உண்டு. பஞ்சாபில் மேல் பாரி தோவாப் கால்வாயில் பணியாற்றிய கென்னடி என்னும் பொறியாளர், பல ஆண்டுகளாகத் தூர் சேராமலும் கரை அரிக்காமலும் நிலைத்து நின்ற பகுதிகளைத் தேர்ந்து ஆழத்தையும் வேகத்தையும் அளந்தார். 1895ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒவ்வோர் ஆழத்துக்கும் பொருந்திய ஒரு வேகம் உண்டு. அதற்குக் குறைந்தால் வாய்க்கால் தூர்ந்துபோகும். அதனை மிஞ்சினால் படுகையும் கரையும் அரிபடும் என்பது அவர் கண்டது. ஒரு மீட்டர் ஆழமுள்ள வாய்க்காலுக்கு அவருடைய வாய்பாடு தரும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 55 சென்டிமீட்டர். படுகையிலிருந்து கிளம்பி மேலெழும் சுழல்களே வண்டலை ஏந்துகின்றன என்று அவர் காரணமும் கூறினார். பஞ்சாபின் மண்ணில் கண்ட எண்ணை எல்லா மண்ணுக்கும் அப்படியே பொருத்த முடியாது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. எனினும் அவர் காட்டிய வழி தவறன்று. கோடைதோறும் நம் கிராமங்களில் வாய்க்காலைத் தூர்வாருகின்றோமே, நீர் வேகம் இழந்து சுழல் தளர்ந்த இடங்களில் ஆறு இறக்கிவைத்துச் சென்ற சுமையைத்தான் அப்போது அள்ளுகின்றோம்.

காவிரியின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. அதன் சரிவும் மிகுதி. நீர் அதில் விரைந்து செல்லும். காவிரியோ சரிவு குறைந்தது, மெல்லச் செல்வது. கரிகாலன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கல்லணை, காவிரியின் நீர் கொள்ளிடத்தில் வீழ்ந்துவிடாமல் காக்க எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் படுகை மணலாலும் வண்டலாலும் மேடிட்டு, வரும் நீரில் பெரும்பகுதி கொள்ளிடத்துக்கே சென்றது. தஞ்சை நெல்வயல்கள் நீரின்றி வாடும் நிலை. ஆர்தர் காட்டன் கல்லணையில் மணலை வெளியேற்றும் மதகுகளை அமைத்தார். 1836ஆம் ஆண்டில் முக்கொம்பில் மேலணை கட்டி முடிக்கப்பட்டது. நீரைப் பங்கிடுவது மட்டுமே அவர் எதிர்கொண்ட பணி என்று நினைத்துவிடக் கூடாது. நீர் சுமந்துவரும் மண்ணுக்கும் வழி சொல்லவேண்டியிருந்தது.

இவ்வளவு அறிந்தும் சுழலோட்டத்தை மனிதன் முழுதும் அறிந்துவிட்டான் என்று சொல்வதற்கில்லை. பாய்பொருள் இயங்கும் சமன்பாடுகளை நேவியர் என்பவர் 1822ஆம் ஆண்டிலும் ஸ்டோக்ஸ் 1845ஆம் ஆண்டிலும் வகுத்தனர். அவற்றை ஒரு தாளில் எழுதிவிடலாம். ஆனால், அவற்றுக்கு எல்லா நிலையிலும் குலையாத தீர்வு உண்டா என்பதை நிறுவுவோருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அமெரிக்காவின் கிளே கணித நிறுவனம் 2000ஆம் ஆண்டில் அறிவித்தது. அப்பரிசை இன்றளவும் ஒருவரும் பெறவில்லை. ரஷ்ய அறிஞர் கோல்மகோரோவ் 1941ஆம் ஆண்டில், பெரிய சுழல் சிறிய சுழல்களாகவும் அவை மேலும் சிறியவையாகவும் உடைந்து, இறுதியில் பாகுத்தன்மையால் வெப்பமாக மாறுவதில் ஓர் ஒழுங்கு உண்டு என்று காட்டினார். ஒழுங்கின்மையிலும் ஒழுங்கு!

நம் நாட்டவரும் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர், பாய்பொருள்களின் சீரான நிலை எப்போது குலையும் என்பதைக் குறித்து 1961ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் இன்றும் அத்துறையினர் கையில் உள்ளது. பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தில், பின்னாளில் விண்வெளித் துறையின் தலைவராக விளங்கிய சதீஷ் தவானும் அவர் மாணவர் ரொத்தம் நரசிம்மாவும் 1950களில் ஆராய்ந்த பொருள், சீரோட்டம் சுழலோட்டமாக மாறும் இடைநிலை. மாற்றம் ஒரே கோட்டில் ஒரேயடியாக நிகழ்வதில்லை. சீரான பரப்பின் நடுவே அங்கங்கே சுழலின் திட்டுகள் முளைத்துப் பெருகி ஒன்றோடொன்று கூடுகின்றன. அத்திட்டுகள் எவ்வாறு பரவியிருக்கும் என்பதற்குக் கணக்கு உண்டு என்று அவர்கள் காட்டினர். சுழலோட்டம் மீண்டும் சீரோட்டமாகத் திரும்பும் வழிகளையும் நரசிம்மா பின்னர் ஆராய்ந்தார். விமான இறக்கையின்மேல் காற்று எவ்வாறு செல்லும் என்பதற்கு உதவும் ஆராய்ச்சி அது. எனினும் மடைவாயில் நிற்கும் மாணவன் ஒவ்வொரு பாசனக் காலத்திலும் அதன் ஓர் உறவினனைக் கண்முன் காணலாம்.

சுழலோட்டம் நல்லதா, தீயதா என்று கேட்பவர்கள் உண்டு. நீர் இறைக்கும் பம்புசெட்டை வைத்திருப்பவர் அதனைத் தீயது என்பார். சீரோட்டத்தில் இருமடங்கு நீர் வேண்டுமென்றால் அழுத்தமும் இருமடங்கு போதும். சுழலோட்டத்தில் அது ஏறத்தாழ நான்கு மடங்கு வேண்டும். மின்செலவு கூடும். இதயத்துக்குக் குழல் வைத்துக் கேட்கும் மருத்துவர், சீராக ஓடவேண்டிய குருதி குறுகிய வாயிலில் சுழித்து ஓடினால் எழும் முணுமுணுப்பை நோயின் அறிகுறியாகக் கொள்வார். ஆனால் காற்றின் உயிர்வளியை ஆற்றுநீரில் அடிவரை கலந்து மீனை வாழ்விப்பதும் சுழல்தான். குடகு மலையிலிருந்தும் மைசூர்ப் பீடபூமியிலிருந்தும் மண்ணைச் சுமந்துவந்து, தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நாம் இன்று பெயரிட்டு வழங்கும் இந்தச் சமவெளியை, கடல் இருந்த இடத்திலும் தளம் தளமாக உயர்த்தியதும் சுழல்தான். நாம் உண்ணும் சோறு விளைந்த நிலம் ஒரு காலத்தில் ஆற்றின் சுழலில் மிதந்த நிலம்.

இதனால்தான் ஆற்றின் சுமையைப் பற்றி நாம் கவலைகொள்ள வேண்டியிருக்கின்றது. 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு மேலே மைசூர்ப் பகுதியில் கிருஷ்ணராஜசாகரம் எழுந்தது. அவை இல்லையேல் நம் சாகுபடி மழையையும் வெள்ளத்தையும் மட்டுமே நம்பி நிற்கவேண்டும். அவற்றின் பயனை எவரும் மறுக்க மாட்டார். ஆனால் அணைக்குள் நுழையும் ஆறு என்ன ஆகின்றது? மடை கடந்து வயலில் பரந்த நீருக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்கின்றது. வேகம் குறைகின்றது, சுழல் அடங்குகின்றது, வண்டல் அணையின் அடியில் இறங்குகின்றது. வயலில் இறங்கவேண்டிய சுமை வழியிலேயே இறங்கிவிடுகின்றது. அணையைத் தாண்டி வருவது பெரிதும் தெளிந்த நீர். தெளிந்த நீரிலும் சுழல் மீண்டும் பிறக்கும். ஏந்துவதற்குச் சுமை இல்லாத அச்சுழல் படுகையிலிருந்தும் கரையிலிருந்தும் மண்ணைத் தேடி எடுக்கும். எகிப்தில் 1970ஆம் ஆண்டில் அஸ்வான் பேரணை முடிந்தபின் நைல் ஆற்றின் வண்டல் முகத்துவாரத்தை எட்டாமற்போயிற்று; அங்கே கடற்கரை விரைந்து அரிபட்டது.

மீண்டும் தரங்கம்பாடிக்கு வருவோம். கோட்டைக்கு அருகே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில் உள்ளது. 1306ஆம் ஆண்டில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அக்கோயிலின் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எஞ்சியதைக் காக்கக் கற்களைக் கொட்டியிருக்கின்றனர். அங்கே நின்று பார்த்தால் அலை செய்யும் வேலை தெரியும். ஆழ்கடலில் அலை செல்லும்போது நீர் முன்னேறுவதில்லை. ஒவ்வொரு துளியும் வட்டமாகச் சுற்றி, ஏறக்குறையத் தன் இடத்துக்கே திரும்புகின்றது. அலையின் உயரம் நீரின் ஆழத்தை நெருங்கும் இடத்தில் அவ்வொழுங்கு நீடிக்க முடியாமல் அலை முறிகின்றது. பன்னெடுந்தொலைவு கடந்துவந்த ஆற்றல் முழுவதும் குறுகிய பரப்பில் சுழல்களாக வெடிக்கின்றது. அச்சுழல்கள் மணலைத் தூக்குகின்றன. கரையோரமாகச் செல்லும் நீரோட்டம் தூக்கிய மணலைக் கொண்டுசெல்கின்றது. இச்சோழமண்டலக் கரையில் அம்மணல் ஆண்டுக் கணக்கில் பெரும்பாலும் வடக்கு நோக்கியே செல்கின்றது. சென்ற மணலுக்கு ஈடாகத் தெற்கிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் மணல் வந்துகொண்டிருந்தால் கரை நிலைக்கும். வரவு குறைந்தால் கரை குறையும். குடும்பக் கணக்குக்கும் கடற்கரைக் கணக்குக்கும் இதில் வேறுபாடு இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். அணைகள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே தரங்கம்பாடியில் கடல் கரையை அரிக்கத் தொடங்கிவிட்டது. ஆகவே பழி முழுவதையும் அணையின்மேல் சுமத்துதல் தகாது. ஆனால் கடன் வாங்கி வாழும் குடும்பத்துக்கு வருவாயும் குறைந்தால் என்ன நேருமோ, அதுவே இக்கரைக்கும் நேரும். ஆற்றில் மணலை அளவின்றி அள்ளுவதும், கடைமடைக்கு வரவேண்டிய வெள்ளம் வராமற்போவதும் அவ்வருவாயை மேலும் குறைக்கின்றன.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை பொறியாளர்களாக மதகுகளுக்குப் பொறுப்பேற்பீர்கள். சிலர் வயலில் மடை திறப்பீர்கள். அணைக்குள் வரும் வண்டலை வெள்ளக் காலத்திலேயே கீழே அனுப்புவது எப்படி, தேங்கியதை எடுத்து நிலத்துக்குச் சேர்ப்பது எப்படி என்னும் வினாக்கள் உங்களுக்காகக் காத்திருக்கின்றன. அவற்றுக்கு விடை காண்பதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஆற்றில் புதுநீர் வரும் நாளில் ஒரு கண்ணாடிக் குவளையில் அந்நீரை மொண்டு மேசைமீது வையுங்கள். ஒரு கரண்டியால் கலக்கிக்கொண்டே இருக்கும்வரை அது கலங்கலாகவே இருக்கும். கரண்டியை எடுத்துவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். சுழல் எத்தனை நொடியில் அடங்குகின்றது, மேலே தெளிவு எத்தனை நிமிடத்தில் தோன்றுகின்றது, அடியில் படிவது எவ்வளவு தடிமன் என்று குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டும் அதே நாளில் அதே மடையில் நீர் மொண்டு அளந்து ஒப்பிடுங்கள். சில ஆண்டுகள் இவ்வாறு செய்தால், உங்கள் ஊருக்கு ஆறு இன்னும் மண் கொண்டுவருகின்றதா, வெறும் நீர் மட்டும் கொண்டுவருகின்றதா என்பதை உங்கள் குவளையே உங்களுக்குச் சொல்லும்.